நாடு உடைவது எதனால்? மத, வட்டாரப் பிளவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். இந்த விஷயத்தின் இரண்டு முகத்தையும் எங்கள் மாவட்டம் பார்த்திருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கேட்டவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. 1982-ல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டார்கள், அங்கேயும் துப்பாக்கிச் சூடு நடந்தது. முதல் சண்டை தீர்ந்துவிட்டது, அதன் வடுகூட இப்போது இல்லை. இரண்டாவதைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னமும் சில வீடுகளில் குரல் தாழ்கிறது. ஒன்று ஆறிப்போனதும் இன்னொன்று ஆறாமல் கிடப்பதும் ஏன் என்று யோசித்துப் படித்ததில் கிடைத்தவைதான் இந்தப் பதில்கள். மாணவர்களும் உறவுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மதப் பிரிவினை, வட்டாரப் பிரிவினை இரண்டும் ஒன்றுதானே? ஏன் பிரித்துப் பேசவேண்டும்?

ஒன்றல்ல. ஒன்று என்று நினைத்து ஒரே மருந்து கொடுத்த இடங்களில்தான் நோய் முற்றியது.

வட்டாரக் கோரிக்கை பெரும்பாலும் ஒரு பங்கைக் கேட்கிறது. என் மொழியில் ஆட்சி நடக்கட்டும், என் ஆற்றுத் தண்ணீர் எனக்கு வரட்டும், என் பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்கட்டும், என் ஊருக்கு நிதி வரட்டும் என்கிறது. எவ்வளவு சூடாகக் கேட்டாலும் பேசி ஒரு அளவுக்கு வரமுடியும், கொடுக்கவும் முடியும், ஒரு வரைபடத்தையோ சட்டத்தையோ மாற்றினால் முடிந்துவிடும். கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தன, செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலிக்குப் போனது. தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை என்ற வருத்தம் இருந்தது, ஆனாலும் சண்டை அத்தோடு அடங்கியது. இன்றைக்குக் களியக்காவிளையில் சாலைக்கு அந்தப் பக்கம் மலையாளமும் இந்தப் பக்கம் தமிழும் ஓடுகின்றன, இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொள்கிறார்கள்.

மத வெறுப்பு அப்படி எதையும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் இங்கே இருக்கவே கூடாது என்கிறது. அதற்கு எந்த வரைபடத்தை வரைந்து கொடுப்பது? 1947-ல் வரைந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்து எல்லை தாண்டினார்கள், பிரச்சினை மட்டும் எல்லையின் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. அதனால் வட்டாரக் குறைக்கு மருந்து பங்கு கொடுப்பது, மத வெறுப்புக்கு மருந்து பாதுகாப்பு கொடுப்பதும் சட்டத்தைப் பாரபட்சமில்லாமல் நடத்துவதும். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளுக்குப் போகலாம்.

மொழிவாரியாக மாநிலம் பிரித்ததுதானே நாட்டைப் பலவீனப்படுத்தியது?

அப்படித்தான் அன்றைய பெரிய தலைவர்களும் பயந்தார்கள். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம், அந்தப் பயத்தைக் குறை சொல்லமுடியாது. 1948-ல் தார் ஆணையம் வேண்டாம் என்றது, நேரு, படேல், பட்டாபி சீதாராமையா மூவர் குழுவும் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்றது. அப்புறம் தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார், டிசம்பர் 15 அன்று இறந்தார். தெலுங்குப் பகுதிகள் கொந்தளித்தன, சில நாட்களிலேயே ஆந்திர மாநிலம் உண்டு என்று நேரு அறிவித்தார், 1953 அக்டோபர் 1 அன்று கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது பிறந்தது. பிறகு பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரையும் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம், 1956-ல் அதற்கான சட்டம், 14 மாநிலங்கள், 6 யூனியன் பிரதேசங்கள்.

நாடு உடையவில்லை. தாசில்தார் ஆபீசில் தன் மொழியில் மனு எழுத முடிந்த விவசாயிக்கு அரசாங்கம் கொஞ்சம் சொந்தமாகத் தெரிந்தது.

அதே 1956-ல் இலங்கை என்ன செய்தது என்று பாருங்கள். சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்று சட்டம் கொண்டுவந்தது. ஒரு மொழி என்றால் ஒரு நாடு என்று அவர்கள் நினைத்தார்கள், அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாகிஸ்தான் மதத்தை வைத்தே உருவான நாடு, கிழக்கிலும் மேற்கிலும் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். உருது மட்டும்தான் தேசிய மொழி என்றதும் 1952 பிப்ரவரி 21 அன்று வங்காளம் பேசும் கிழக்குப் பக்கத்தின் டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். பிறகு வங்காள மொழியையும் ஏற்றார்கள், ஆனால் அதிகாரத்தில் பங்கு கொடுக்கவில்லை. 1970 தேர்தலில் கிழக்குப் பக்கத்துக் கட்சி பெரும்பான்மை பெற்றும் ஆட்சியைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். 1971-ல் நாடு இரண்டானது. ஒரே மதம் என்பது ஒட்டவைக்கும் பசை என்று இன்றும் சொல்பவர்களிடம் நான் இந்த ஒரு உதாரணத்தைத்தான் வைப்பேன்.

தமிழ்நாடே ஒரு காலத்தில் தனிநாடு கேட்டதே, அது எப்படி முடிந்தது? சட்டத்தைப் பார்த்துப் பயந்துதானே விட்டார்கள்?

சட்டம் ஒரு காரணம், மறுக்கவில்லை. அண்ணா 1962-ல் மாநிலங்களவையில் நின்று திராவிட நாட்டுக்காகப் பேசினார். அந்த ஆண்டு அக்டோபரில் சீனா படையெடுத்தது, அவர் அந்தக் கோரிக்கையை நிறுத்திவைத்தார். 1963-ல் 16வது அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மைக்காகவும் ஒருமைப்பாட்டுக்காகவும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்றது, தேர்தலில் நிற்பவர் அதற்கு உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றது. இதற்குப் பரிந்துரை செய்த குழுவின் தலைவர் சர் சி.பி. ராமசாமி அய்யர். திமுக பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

ஆனால் சட்டம் வாயை மூடும், மனத்தை மூடாது. மனம் மாறியதற்கு வேறு காரணம் இருந்தது. 1965 ஜனவரி 26-லிருந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலை வரப்போகிறது என்றதும் ஊர் ஊராக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தீக்குளித்தார்கள், சுடப்பட்டார்கள். சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்வதாகக் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி ஆங்கிலம் தொடரும் என்று வாக்குக் கொடுத்தார், 1967 திருத்தச் சட்டம் அந்த வாக்கை எழுத்தில் கொண்டுவந்தது. அதே ஆண்டு திமுக தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தது. 1969-ல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. கோட்டையில் உட்கார்ந்து ஆளமுடியும், டெல்லியோடு சண்டை போட்டு ஜெயிக்கவும் முடியும் என்று தெரிந்தபிறகு தனியாகப் போக என்ன காரணம் மிச்சம் இருக்கும்? கேட்பதற்கு வழி இருந்தது, கேட்டது ஓரளவு கிடைத்தது. எங்கள் மாநிலத்தில் பிரிவினைப் பேச்சு செத்தது இப்படித்தான் என்பது என் முடிவு.

மாநிலம் முழுக்க ஒரே மொழி பேசினால் வட்டாரப் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தெலங்கானாவைப் பாருங்கள். அவர்களும் தெலுங்குதான். 1956-ல் ஆந்திராவோடு சேர்க்கும்போதே வேலை, கல்வி, வருவாய்ச் செலவு இவற்றில் எங்கள் பங்குக்கு உத்தரவாதம் வேண்டும் என்று இரு பக்கத் தலைவர்களும் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள், கனவான்கள் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். அது சரியாக நடக்கவில்லை என்ற கோபம் 1969-ல் வெடித்தது, நூற்றுக்கணக்கான இளைஞர்கள் செத்தார்கள். 2014 ஜூன் 2 அன்று தனி மாநிலம் வந்தது. எழுதிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தால் இவ்வளவு உயிர் போயிருக்காது என்பதுதான் அங்கே வயதானவர்கள் இன்றும் சொல்வது. மொழி ஒன்றானாலும் பங்கு சரியில்லை என்றால் வீடு ரெண்டுபடும்.

ஆயுதம் எடுத்தவர்களோடு அரசாங்கம் பேசலாமா? அது பலவீனம் இல்லையா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் மிசோரம் கதையைத்தான் சொல்வேன், பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தராத கதை அது.

மிசோ மலைகளில் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் மொத்தமாகப் பூக்கும். பூத்தால் எலி பெருகும், எலி பெருகினால் நெல் போகும், பஞ்சம் வரும். மாவுதாம் என்பார்கள். 1959-ல் அது வந்தது. வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லியும், அப்போது அந்த மலைகளை ஆண்ட அசாம் அரசு கண்டுகொள்ளவில்லை என்பது அவர்களுடைய ஆறாத கோபம். பஞ்ச நிவாரணத்துக்காக லால்டெங்கா தொடங்கிய அமைப்பு 1961-ல் மிசோ தேசிய முன்னணி என்ற கட்சியானது, 1966 மார்ச்சில் ஆயுதத்தோடு விடுதலையை அறிவித்தது. பதிலுக்கு இந்திய விமானப்படை அய்சால் நகரத்தின்மேல் குண்டு போட்டது. சொந்த நாட்டு மண்ணில், சொந்த மக்கள் வாழும் ஊரில். கிராமங்களைக் கலைத்து மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். இருபது ஆண்டு இப்படியே ஓடியது.

1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது முதல்வராக இருந்தவர் காங்கிரஸ்காரர் லால் தன்ஹாவ்லா. அவர் நாற்காலியிலிருந்து இறங்கி லால்டெங்காவுக்கு இடம் கொடுத்தார், தான் துணை முதல்வரானார். இந்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நெகிழும், நம் அரசியலில் பதவியை இப்படி விட்டுக்கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலமானது, நிலவுரிமைக்கும் அவர்களுடைய வழக்கங்களுக்கும் 371ஜி பிரிவில் பாதுகாப்பு வந்தது. காட்டிலிருந்து வந்தவர்கள் தேர்தலில் நின்றார்கள், தோற்றார்கள், மறுபடி ஜெயித்தார்கள். போராளியாக இருந்த சோரம்தங்கா பிற்பாடு மூன்று முறை முதல்வராகப் பதவியேற்றார். பேசியதால் நாடு எதை இழந்தது?

அப்படியானால் பஞ்சாபில் ஏன் அது நடக்கவில்லை?

அங்கே வட்டாரக் கோரிக்கையை மதக் கோரிக்கையாகப் பார்த்தார்கள், கடைசியில் அப்படியே ஆக்கியும்விட்டார்கள். பஞ்சாபி பேசும் மாநிலம் வேண்டும் என்று சீக்கியர்களின் கட்சியான அகாலி தளத்தார் கேட்டபோது, இது மொழிக்கோரிக்கை உடுத்திய மதக்கோரிக்கை என்று சந்தேகப்பட்டு 1956-ல் மறுத்தார்கள். பத்து ஆண்டு தாமதித்து 1966-ல் கொடுத்தார்கள். கொடுத்தபோதும் சண்டிகரையும் ஆற்று நீரையும் முடிக்காமல் தொங்கவிட்டார்கள். அகாலிகளின் 1973 ஆனந்த்பூர் சாகிப் தீர்மானத்தைப் படித்தால் அதில் பெரும்பகுதி மாநில அதிகாரமும் தண்ணீரும்தான். பேசித் தீர்த்திருக்கவேண்டிய காலத்தில் கட்சிக் கணக்குப் பார்த்தார்கள், அந்த இடைவெளியில் துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள், பேருந்தை நிறுத்தி இந்துக்களைத் தேடிக் கொன்றார்கள். 1984 ஜூனில், அவர்களைப் பிடிக்கப் பொற்கோயிலுக்குள் ராணுவம் போனது. அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி தன் சீக்கிய மெய்க்காவலர்களால் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களில் டெல்லியில் மட்டும் அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள்.

1985 ஜூலையில் ராஜீவ் காந்தியும் அகாலித் தலைவர் லோங்கோவாலும் ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு மாதத்துக்குள் லோங்கோவால் சுட்டுக்கொல்லப்பட்டார். 1986 ஜனவரி 26 அன்று சண்டிகர் பஞ்சாபுக்குப் போகும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, போகவில்லை. இன்றும் அது இரண்டு மாநிலத்துக்கும் தலைநகரமாக, யூனியன் பிரதேசமாகவே இருக்கிறது. பங்கு கேட்ட ஒருவரைக் காத்திருக்கவைத்தால், அவர் இடத்தில் பழி கேட்பவர் வந்து நிற்பார். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்.

மதக் கலவரம் தானாக வெடிப்பதுதானே? யாரால் தடுக்க முடியும்?

தானாக வெடிக்காது. மண்டைக்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடைக்குக் கடலில் குளிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், கடற்கரை முழுக்க மீனவக் கிறிஸ்தவர்களின் ஊர்கள், தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு. 1982-க்கு முந்தைய சில ஆண்டுகளாகவே ஊர்வலங்களும் ஒலிபெருக்கிச் சண்டைகளும் துண்டுப்பிரசுரங்களும் மாவட்டத்தில் பெருகியிருந்தன. காய்ந்த ஓலைக்குப் பக்கத்தில் திருவிழாக் கூட்டம் வந்து நின்றது, வதந்தி தீக்குச்சியானது. போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள், அப்புறம் கடலோர ஊர்களுக்குப் பரவியது. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. ஆனால் சண்டையின் சூடு தணிய வேறு ஒருவர் காரணம். குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரண்டு பக்க மக்களிடமும் போய் உட்கார்ந்து பேசினார். காவி உடுத்த ஒரு சைவ மடாதிபதி மீனவர் குடியிருப்புக்குள் நடந்து வந்ததைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்போதும் பேசுவார்கள்.

இன்னொரு ஊர், மகாராஷ்டிரத்தின் பிவண்டி. விசைத்தறி ஊர். 1970-லும் 1984-லும் மோசமான கலவரம் பார்த்த ஊர். எண்பதுகளின் இறுதியில் அங்கே வந்த காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே பேட்டைக்குப் பேட்டை குழு அமைத்தார். இரண்டு மதத்துச் சாதாரண ஆட்களும் உள்ளூர் போலீஸ்காரரும் அதில் உட்கார்ந்து, குழாய்ச் சண்டை, சாக்கடைச் சண்டை, பிள்ளைகள் சண்டை என்று சின்னதாக இருக்கும்போதே பேசி முடித்தார்கள். 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டபிறகு பக்கத்திலிருந்த மும்பையில் இரண்டு கட்டமாகக் கலவரம் நடந்து சுமார் 900 பேர் செத்தார்கள். பிவண்டி அமைதியாக இருந்தது. அதே மக்கள், அதே மதங்கள், அதே செய்தி. வித்தியாசம், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருந்ததுதான்.

கோவையில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1997 நவம்பரில் ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார், தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் செத்தார்கள், 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தார்கள். ஒரு பழிக்கு இன்னொரு பழி. உக்கடத்திலும் ஆர்.எஸ். புரத்திலும் வியாபாரம் பழைய நிலைக்கு வர எத்தனை காலம் ஆனது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

மணிப்பூரில் நடப்பது மதச் சண்டையா?

வெளியிலிருந்து பார்த்தால் மெய்தேய் இந்துக்கள், குக்கி கிறிஸ்தவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் தொண்ணூறுகளில் குக்கிகளும் நாகர்களும் ஒருவரையொருவர் கொன்றார்கள், இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள். மெய்தேய்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், சனாமகி என்ற பழைய வழிபாட்டைப் பின்பற்றுபவர்கள் இருக்கிறார்கள். அடியில் கிடப்பது நிலம். மக்களில் பாதிக்கும் மேற்பட்ட மெய்தேய்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள், அது மாநிலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மலை நிலத்தை அவர்கள் வாங்கமுடியாது. மலைக்காரர்களுக்கோ, பள்ளத்தாக்கு எம்எல்ஏக்கள்தான் அதிகம், சாலையும் மருத்துவமனையும் அங்கேதான் போகிறது என்ற மனக்குறை. மெய்தேய்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தால் மலை நிலம் கைமாறும் என்று மலைக்காரர்கள் பயந்தார்கள், அது பற்றி உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு 2023 மே 3 அன்று வெடித்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், சுமார் 60,000 பேர் வீடு இழந்தார்கள், கோயில்களும் தேவாலயங்களும் எரிந்தன. நிலத்தில் தொடங்கியதற்கு மதத்தின் நிறத்தைப் பூசியபிறகு சமாதானம் இன்னும் தூரமாகிவிட்டது.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் வந்து குவிவதை எதிர்த்தால் அது பிரிவினையா?

வாடகை ஏறுகிறது, உள்ளூர்க் கூலி குறைகிறது என்று பேசுவது பிரிவினை இல்லை. அது அரசாங்கம் பதில் சொல்லவேண்டிய கேள்வி. ஆனால் ஒரு மொழிக்காரனைப் பார்த்து வடக்கன், வந்தேறி என்று கைநீட்டும்போது ஒன்றை நினைத்துப்பாருங்கள். அறுபதுகளில் பம்பாயில் இட்லிக் கடை வைத்தவனும் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தவனும் நம் ஆட்கள்தான். 1966-ல் தொடங்கிய சிவசேனை முதலில் குறிவைத்தது தென்னிந்தியர்களைத்தான். மண்ணின் மைந்தர் என்ற சொல் எவ்வளவு அடிக்கும் என்று தாராவிக்குப் போன குடும்பங்களுக்குத் தெரியும்.

வதந்தி இதில் தனி ஆபத்து. 2012 ஆகஸ்டில் பெங்களூருவிலிருந்து வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயிலைப் பிடித்தார்கள், தாக்கப்போகிறார்கள் என்ற குறுஞ்செய்தியை நம்பி. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதையே அரசு சில நாள் கட்டுப்படுத்தவேண்டி வந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் ஓடின. பீகார் சட்டமன்றத்திலேயே கூச்சல், அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது, ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அதற்குள் திருப்பூரில் பயந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

டெல்லியின் நிதிப் பங்கீட்டையும் தொகுதி மறுவரையறையையும் எதிர்ப்பது தேச ஒற்றுமைக்கு எதிரானதா?

இல்லவே இல்லை. இது முதல் பதிலில் சொன்ன பங்குக் கேள்வி. 1967 வரை நமக்கு 41 மக்களவைத் தொகுதிகள், அப்புறம் 39. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே போன மாநிலங்கள் நஷ்டப்படக்கூடாது என்றுதான் 1976-ல் தொகுதி எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தார்கள், பிறகு 2026-க்கு அடுத்து வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டினார்கள். 15வது நிதிக்குழு மாநிலங்களுக்குப் பகிரும் வரியில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், உத்தரப்பிரதேசத்துக்கு 17.939 சதவீதம் என்று வைத்தது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன், அங்கே இருப்பவரும் நம் நாட்டுக்காரர்தான், நம் ஊரில் மேஸ்திரி வேலை பார்ப்பவரின் அம்மா அங்கேதான் இருக்கிறார். ஆனால் எவ்வளவு, எத்தனை காலம், என்ன கணக்கு என்று கேட்கும் உரிமை உண்டு. கேட்பவனைத் தேசத்துரோகி என்றால் பஞ்சாபில் செய்த தவறையே திரும்பச் செய்கிறோம்.

காவிரியும் இப்படித்தான். 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு பெங்களூருவில் தமிழர்கள் அடிபட்டார்கள், கடைகள் எரிந்தன. 2018-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி விடவேண்டும் என்று எண்ணைச் சொன்னது, அதை நடத்த ஆணையம் வந்தது. மழை குறைந்த ஆண்டுகளில் சண்டை இன்னும் வருகிறது, ஆனால் பேசுவதற்கு ஒரு எண்ணும் ஒரு மேசையும் இருக்கின்றன.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

போதுமான அளவு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. மதச்சார்பின்மை சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்று 1994-ல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்புதான் சாசனத்தின் 356வது பிரிவை வைத்து மாநில அரசுகளை நினைத்தபடி கலைப்பதற்கும் கடிவாளம் போட்டது, மத, வட்டாரக் கேள்விகள் இரண்டும் சந்திக்கும் தீர்ப்பு அது. மதத்தின், சாதியின், மொழியின் பெயரால் பகை மூட்டினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196வது பிரிவு பாயும், பழைய சட்டத்தில் அது 153ஏ. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் தேர்தல் செல்லாது. குறை சட்டத்தில் இல்லை, ஆள் பார்த்து வழக்குப் போடுவதில் இருக்கிறது. 1961-ல் ஜபல்பூர் கலவரத்துக்குப் பிறகு நேரு தொடங்கிய தேசிய ஒருமைப்பாட்டுக் கவுன்சில் கடைசியாக 2013-ல் கூடியது. எல்லா முதல்வர்களும் ஒரே அறையில் உட்காரும் அந்த இடத்தைத் திரும்பத் திறக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

என் தெருவில், என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் என்ன செய்யமுடியும்?

நிறைய. பொய் என்று சந்தேகம் வரும் வீடியோவுக்கு, எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது என்று மட்டும் கேளுங்கள். சண்டை போடவேண்டாம், கேட்டாலே பாதி அடங்கும். சித்தப்பாவோ பெரியம்மாவோ அனுப்பியிருந்தால் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்காமல் போன் போட்டுப் பேசுங்கள், அவர்களுக்கு அவமானமாக இருக்காது, அடுத்தமுறை அனுப்பும் முன் யோசிப்பார்கள். திருவிழாவுக்கு முன் கோட்டாட்சியரோ தாசில்தாரோ நடத்தும் சமாதானக் கூட்டத்துக்கு எப்போதும் அதே நாலு பேர்தான் போகிறார்கள், சண்டைக்குத் தலைமை தாங்குபவர்களும் பல நேரம் அவர்கள்தான். நீங்கள் போங்கள், கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை, ஆட்டோ ஓட்டுபவர் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர்வலப் பாதை, நேரம், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அங்கேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மினிட்ஸ் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். பக்கத்து மதத்தில் ஒருவருடைய போன் நம்பராவது உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் வாங்கிவையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வதந்தி வரும்போது, அங்கே என்ன நடக்கிறது என்று நேராகக் கேட்க அந்த நம்பர் வேண்டும்.